மாற்றத்திற்கு மனம் இசையும் வழி

ஒரு நிறுவனத்தில் புதிய இயந்திரத்தை நிறுவ எத்தனை நாள் ஆகும் என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லிவிட முடியும். அந்த இயந்திரத்தை ஊழியர் மனமுவந்து இயக்குவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை எந்தத் திட்ட மதிப்பீடும் சொல்வதில்லை. முன்னதற்கு நிதி ஒதுக்கப்படுகிறது. கால அட்டவணை வகுக்கப்படுகிறது. பின்னது தானாகவே நடந்துவிடும் என்று எண்ணப்படுகிறது. நடவாதபோது, ஊழியர்கள் பழமையில் ஊறியவர்கள் என்றும், முன்னேற்றத்தை விரும்பாதவர்கள் என்றும் பழி எழுகிறது. இப்பழி பெரும்பாலும் நியாயமற்றது. அதைவிட முக்கியமாக, பயனற்றது. தயக்கத்தின் காரணத்தை அறியாமல் அதனைப் போக்க இயலாது.

இந்திய நாட்டில் ஆலைகளும் வங்கிகளும் இரயில்வேயும் அரசு அலுவலகங்களும் கடந்த எழுபது ஆண்டுகளில் பெரும் மாற்றங்களைக் கண்டுள்ளன. அவற்றுள் சில எளிதில் வேரூன்றின. சில நெடிய போராட்டங்களுக்குப் பின்னரே நிலைபெற்றன. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களை ஆராய்வது இனி வரும் மாற்றங்களுக்கு வழிகாட்டியாக அமையும்.

தயக்கத்தின் வேர்கள்

மாற்றத்தை எதிர்க்கும் ஒருவர் உண்மையில் எதிர்ப்பது மாற்றத்தையன்று. தமக்கு நேரவிருக்கும் இழப்பையே ஆகும். இவ்விழப்பு பலவகைப்படும்.

முதலாவது, வேலையும் வருவாயும் பற்றிய அச்சம். பத்துப் பேர் செய்த பணியை ஓர் இயந்திரம் செய்யுமாயின், எஞ்சிய ஒன்பது பேரின் நிலை என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. ஒருவரின் ஊதியத்தை நம்பி ஒரு குடும்பமே வாழும் நாட்டில் இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

இரண்டாவது, திறமையின் மதிப்பு குறைதல். கணிப்பொறி வருவதற்கு முந்திய வங்கிக் கிளை ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். தடித்த பேரேடுகளில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்கும் கையால் எழுதப்பட்டது. பணம் பெற வந்தவர் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அரையாண்டு முடிவில் ஆயிரக்கணக்கான சேமிப்புக் கணக்குகளுக்கு வட்டி கணக்கிடப்பட்டது. மாதக் கடைசியில் பேரேட்டு மொத்தம் பொதுக் கணக்குடன் ஒத்துவராவிடில், சில ரூபாய் வேறுபாட்டைத் தேடி இரவு வெகுநேரம் வரை ஊழியர்கள் அமர்ந்திருந்தனர். அவ்வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்த மூத்த எழுத்தருக்குக் கிளையில் தனி மரியாதை இருந்தது. பேரேடு மறைந்தபோது சுமையுடன் அந்த மரியாதையும் மறைந்தது. இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உடையவர், நேற்றுப் பணியில் சேர்ந்த இளைஞரிடம் விசைப்பலகையைப் பற்றிக் கேட்க வேண்டிய நிலை உண்டாயிற்று.

மூன்றாவது, உறவுகளின் சிதைவு. ஒன்றாகப் பணிபுரிந்த குழு பிரிக்கப்படுகிறது, மேலாளர் மாறுகிறார், எவரிடம் குறையைச் சொல்வது என்பதே தெரியாமல் போகிறது. நிறுவனங்கள் இணையும்போது இவ்விழப்பு மிகக் கூர்மையாக உணரப்படுகிறது. 2020 ஏப்ரல் முதல் நாள் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியுடன், 1865-இல் தோன்றிய அலகாபாத் வங்கி அன்று ஒன்றாயிற்று. இத்தகைய இணைப்பில் கணக்குகளை ஒரே கணிப்பொறி அமைப்புக்குள் கொணர்வது தொழில்நுட்ப வேலை. தாம் பணியாற்றிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை இறக்கப்படுவதைக் காணும் ஊழியரின் மனத்தை ஒன்றுபடுத்துவது வேறு வேலை.

நான்காவது, நம்பிக்கையின்மை. முன்னர் அளித்த உறுதிகள் மீறப்பட்ட நிறுவனத்தில், நல்ல மாற்றமும் ஐயத்துடனேயே நோக்கப்படும்.

ஓர் ஆலையில் நடந்த சோதனை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹார்வுட் என்ற ஆடை தயாரிப்பு ஆலையில் நடந்த ஆய்வு இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. லெஸ்டர் காக், ஜான் பிரெஞ்சு ஆகிய இருவரும் அதனை 1948-இல் வெளியிட்டனர். அங்குச் செய்த பொருளின் அளவுக்கேற்பக் கூலி வழங்கப்பட்டது. ஆடையின் அமைப்பு மாறுந்தோறும் தொழிலாளர் வேறு வேலைக்கு மாற்றப்பட்டனர். அப்போது உற்பத்தி குறைந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய நிர்வாகம் தனி ஊக்கத்தொகை அளித்தும் பலர் வேலையை விட்டு நீங்கினர். புதிதாகச் சேர்ந்தவர் தொழில் கற்கும் காலத்தைவிட, அனுபவம் வாய்ந்தவர் புதிய வேலைக்குப் பழகும் காலம் நீண்டது. ஆகவே குறை கையின் திறமையில் இல்லை என்பது தெளிவாயிற்று.

ஆய்வாளர்கள் மூன்று முறைகளைக் கையாண்டனர். ஒரு குழுவிடம் மாற்றம் பற்றிய அறிவிப்பு மட்டுமே தரப்பட்டது. மற்றொரு குழு தன் பிரதிநிதிகள் வாயிலாக மாற்றத்தைத் திட்டமிடுவதில் பங்கு பெற்றது. வேறு இரு குழுக்களில் எல்லா உறுப்பினர்களுமே நேரடியாகப் பங்கு பெற்றனர். அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவில் முதல் நாற்பது நாட்களில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டனர், உற்பத்தி உயரவில்லை, மனக்கசப்பு மிகுந்தது. முழுமையாகப் பங்கு பெற்ற குழுக்களில் ஒருவரும் விலகவில்லை. உற்பத்தி பழைய அளவை விரைவில் எட்டி, அதனைக் கடந்து ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்ந்தது. சில மாதங்களுக்குப் பின், முதற் குழுவில் எஞ்சியிருந்த அதே தொழிலாளர்களை முழுப் பங்கேற்புடன் வேறு வேலைக்கு மாற்றியபோது, அவர்களும் நன்கு முன்னேறினர். முரண்டு பிடிப்பவர் என்று ஒரு மனித வகை இல்லை. அணுகும் முறையே இசைவையோ எதிர்ப்பையோ உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் இம்முடிவை மந்திரமாகக் கொள்ளலாகாது. நார்வே நாட்டின் ஆலை ஒன்றில் பின்னர் இதே போன்ற ஆய்வு மேற்கொள்ளப்பட்டு 1960-இல் வெளியானபோது, பங்கேற்பினால் உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தொழிலாளர் முக்கியமெனக் கருதும் பொருளில், அவர்கள் முறையானது என ஏற்கும் வகையில் அமைந்த பங்கேற்பே பயன் தரும். முடிவை முன்னரே எடுத்துவிட்டுச் சடங்குக்காகக் கருத்துக் கேட்பது, கேட்காமல் இருப்பதைவிடத் தீங்கானது.

அகமதாபாத்தின் தறிக்கூடம்

இந்திய மண்ணிலேயே நிகழ்ந்த மற்றொரு முயற்சி இதனினும் ஆழ்ந்த படிப்பினை தருகிறது. அகமதாபாத்தின் காலிகோ ஆலையைச் சேர்ந்த ஜூபிலி மில்லில் 1952-ஆம் ஆண்டு தானியங்கித் தறிகள் அமைக்கப்பட்டன. தறிகள் நல்லவை, ஆனால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. இலண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் 1953-இல் அங்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார்.

224 தறிகள் கொண்ட கூடத்தில் வேலை 12 வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெய்பவர், நூற்கண்டு நிரப்புபவர், அறுந்த இழைகளைச் சீர்செய்பவர், எண்ணெய் இடுபவர், கூட்டுபவர் என ஒவ்வொருவருக்கும் தனிப் பணி. ஆனால் துணி என்பது இவர்கள் அனைவரின் உழைப்பும் ஒருங்கே சேர்ந்து உருவாவது. எந்தத் தறிக்கு யார் பொறுப்பு என்பதில் தெளிவில்லை. ஒருவர் எந்த நெசவாளருக்கு உதவுபவர், எவருடைய சொல்லைக் கேட்பவர் என்பதும் குழப்பமாகவே இருந்தது. பழைய தறிகளில் இருந்த இயல்பான கூட்டுறவைப் புதிய இயந்திரத்தின் வேலைப் பகுப்பு குலைத்துவிட்டது என்பதை ரைஸ் கண்டார்.

ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப்பொறுப்பு ஏற்கலாம் என்ற யோசனை மேற்பார்வையாளர்களிடமும் தொழிலாளர்களிடமும் முன்வைக்கப்பட்டது. நிர்வாகம் விரிவான திட்டம் வகுப்பதற்கு முன்னரே தொழிலாளர்கள் அந்த யோசனையைத் தமதாக்கிக் கொண்டனர். யார் யாருடன் சேர்ந்து பணிபுரிவது என்பதைத் தாமே பேசி முடிவு செய்து குழுக்களை அமைத்தனர். விரைவில் நெசவின் திறன் உயர்ந்தது. பழுதுபட்ட துணியின் அளவு குறைந்தது.

ஆயினும் முன்னேற்றம் நேர்கோட்டில் செல்லவில்லை. தொடக்க உற்சாகத்திற்குப் பின் ஒரு பின்னடைவு ஏற்பட்டது. தறிகளின் பராமரிப்பில் குறை நேர்ந்தது, பயிற்சி போதவில்லை. அக்காலத்தில் நிர்வாகம் பழைய முறைக்குத் திரும்பிவிடாமல், கூடுதல் பயிற்சியும் உதவியும் அளித்ததனால் புதிய முறை மேலான நிலையில் நிலைபெற்றது. 1970-இல் எரிக் மில்லர் மீண்டும் சென்று பார்த்தபோது, ஒரு கூடத்தில் குழுமுறை ஏறத்தாழ மாறாமல் நீடித்திருந்தது. வேறு கூடங்களில் அது தளர்ந்துபோயிருந்தது. மாற்றத்தைக் கொண்டுவருவது ஒரு பணி. அதனைப் பேணுவது மற்றொரு பணி என்பதை இது உணர்த்துகிறது.

சட்டமும் உடன்பாடும்

நல்லெண்ணம் மட்டுமே போதாது என்பதை நாடு விரைவில் உணர்ந்தது. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தில் 1956-இல் சேர்க்கப்பட்ட 9-ஏ பிரிவு, வேலை நிலைமைகளில் குறிப்பிட்ட மாற்றங்களைச் செய்யுமுன் 21 நாள் முன்னறிவிப்புத் தரப்பட வேண்டும் என்று விதித்தது. ஆட்குறைப்புக்கு வழிகோலக்கூடிய இயந்திர மாற்றங்களும் இதில் அடங்கும். 2020-இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இம்முன்னறிவிப்பு முறையைத் தக்கவைத்துள்ளது.

1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு தொழில் சீரமைப்பு பற்றி ஒரு முன்மாதிரி உடன்பாட்டை ஏற்றது. பணியில் உள்ளவர்களை நீக்கவோ அவர்கள் வருவாயைக் குறைக்கவோ கூடாது. சீரமைப்பின் பயன் தொழிலாளர், முதலாளி, சமுதாயம் ஆகியோரிடையே நியாயமாகப் பகிரப்பட வேண்டும். வேலைப்பளு முறையாக மதிப்பிடப்பட்டு, பணிச்சூழல் திருத்தப்பட வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். தயக்கத்தின் வேர்களை இம்மூன்று நிபந்தனைகளும் நேராகத் தொடுகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

வங்கிகளில் கணிப்பொறி

இக்கொள்கைகள் மிகப்பெரிய அளவில் சோதிக்கப்பட்ட களம் இந்திய வங்கித்துறையே எனலாம். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980-இல் மேலும் ஆறு வங்கிகள் சேர்ந்தன. சிற்றூர்கள் வரை கிளைகள் பெருகின. கணக்குகள் பலமடங்காயின, ஆனால் வேலைமுறை பழைய பேரேட்டு முறையாகவே இருந்தது. கணக்குகளை நேர்செய்வது தேங்கியது. கிளைகளுக்கிடையிலான பரிமாற்றங்கள் சரிபார்க்கப்படாமல் குவிந்தன. வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரம் நீண்டது. மாற்றத்தின் தேவை ஐயத்திற்கு இடமற்றது.

ஆனால் கணிப்பொறி என்ற சொல்லே அக்காலத்தில் அச்சமூட்டுவதாக இருந்தது. 1960-களில் ஆயுள் காப்பீட்டுத் துறையில் கணிப்பொறியை நிறுவ முயன்றபோது, கல்கத்தாவில் ஊழியர்கள் நெடுங்காலம் அதனை எதிர்த்து நின்றனர். தானியங்கு முறையின் விளைவுகளை ஆராய்ந்த பேராசிரியர் வி.எம். தாண்டேகர் தலைமையிலான குழு 1972-இல் அறிக்கை அளித்தது. வேலையின்மை மிகுந்த நாட்டில், ஆட்களின் தேவையைக் குறைக்கும் இயந்திரம் எதற்கு என்ற வினா தொழிற்சங்கங்களுடையது மட்டுமன்று. பொருளாதார அறிஞர் பலரும் எழுப்பிய வினாவே ஆகும்.

எனவே வங்கிகள் படிப்படியான வழியைத் தேர்ந்தன. 1983 செப்டம்பர் 8 அன்று இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் அமைப்புகளுக்கும் இடையே இயந்திரமயமாக்கல் பற்றிய உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதில் பயன்படுத்தப்படும் இயந்திரங்களின் வகையும் எல்லையும் வரையறுக்கப்பட்டன. ரிசர்வ் வங்கியின் அந்நாளைய துணை ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் அளித்த அறிக்கை, கிளைகளில் பேரேடு பதியும் மின்னணு இயந்திரங்களைப் பரிந்துரைத்தது. 1987 மார்ச் 29-இலும், 1993 அக்டோபர் 29-இலும் மேலும் இரு உடன்பாடுகள் ஏற்பட்டன. இடையில் 1989-இல் ரங்கராஜன் தலைமையிலான இரண்டாவது குழு கணிப்பொறிமயமாக்கலை விரிவுபடுத்தும் வழிகளைக் கூறிற்று. ஒவ்வோர் உடன்பாடும் முந்தியதைவிட ஓரடி முன்னே சென்றது.

இப்பத்தாண்டுகளை வீணான தாமதம் என்று கூறுவோர் உண்டு. மற்ற நாடுகளின் வங்கிகள் விரைந்து சென்றபோது இந்திய வங்கிகள் பேச்சுவார்த்தையில் காலம் கழித்தன என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. காத்திருந்த வாடிக்கையாளரும் அத்தாமதத்திற்கு விலை கொடுத்தார். ஆனால் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்த ஊழியர், அதனால் தம் வேலை போய்விடவில்லை என்பதையும், இரவுவரை அமர்ந்து கணக்கை நேர்செய்யும் துன்பம் நீங்கியது என்பதையும் தம் அனுபவத்தில் கண்டது இக்காலத்தில்தான். எத்தனை சுற்றறிக்கைகள் அனுப்பினாலும் இந்த அனுபவத்துக்கு ஈடாகாது. 1998-க்குப் பின் மத்திய கண்காணிப்பு ஆணையம், பொதுத்துறை வங்கிகள் தம் வணிகத்தில் 70 விழுக்காட்டைக் குறித்த காலத்திற்குள் கணிப்பொறியில் கொணர வேண்டும் என வலியுறுத்தியபோது, அதனை ஏற்கும் மனநிலை ஏற்கெனவே பண்பட்டிருந்தது.

பின்னர்க் கிளைகள் அனைத்தும் ஒரே மைய அமைப்பில் இணைக்கப்பட்டன. ஒரு கிளையின் வாடிக்கையாளர் என்ற நிலை மாறி, வங்கியின் வாடிக்கையாளர் என்ற நிலை வந்தது. இதன் பயன் எளிய சேமிப்பாளரையும் எட்டியது. முன்பு மாதத்தின் 10-ஆம் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே சேமிப்புக் கணக்கில் வட்டி தரப்பட்டது. 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அன்றாட இருப்பின்மீது வட்டி கணக்கிடப்படுகிறது. பேரேட்டுக் காலத்தில் நடைமுறைக்கு ஒவ்வாத இதனை இயந்திரம் எளிதாக்கிற்று.

ஆனால் இக்கதையில் நிழலும் உண்டு. 2000-2001-இல் பொதுத்துறை வங்கிகள் கொணர்ந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பணியிலிருந்து விலகினர். எவரும் வெளியேற்றப்படவில்லை, உறுதி எழுத்தளவில் காக்கப்பட்டது. எனினும் புதிய முறைக்குப் பழக இயலாது என்று எண்ணி விலகியவர்களைப் பொறுத்தவரை, பயிற்சி தவறிய இடத்தை ஓய்வூதியம் நிரப்பியது என்றே கொள்ள வேண்டும். அவர்களுடன் ஊரையும் மக்களையும் கடன் பெற்றவரின் நாணயத்தையும் நேரில் அறிந்த அனுபவமும் கிளைகளை விட்டுச் சென்றது.

நிர்வாகம் மேற்கொள்ள வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகளைப் பெறலாம்.

முதலில், மாற்றம் ஏன் தேவை என்பதை ஊழியரின் அன்றாட அனுபவத்திலிருந்தே காட்ட வேண்டும். தேங்கிய கணக்கையும் நீண்ட வரிசையையும் அவர்களே அறிவர். 1985-86-இல் புதுதில்லியில் இரயில் முன்பதிவுக்குக் கணிப்பொறி வந்தபோது, எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறலாம் என்ற வசதி பயணிகளுக்குக் கிட்டியது. கையெழுத்துப் பட்டியல்களோடும் பொறுமையிழந்த கூட்டத்தோடும் போராடிய எழுத்தருக்கும் அதன் பயன் புரிந்துகொள்ள அரியதன்று.

இரண்டாவதாக, எதை இழக்க நேரும், எதை இழக்க நேராது என்பதை ஒளிவுமறைவின்றி எழுத்தில் தர வேண்டும். பொய்யான ஆறுதலைவிடக் கசப்பான உண்மை நம்பிக்கையை வளர்க்கும்.

மூன்றாவதாக, வேலைமுறையை வகுக்கும்போதே அவ்வேலையைச் செய்பவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுத்தருக்குத் தெரிந்த நூறு சிறு விதிவிலக்குகள் மென்பொருள் வகுப்பவருக்குத் தெரியா. தயங்குபவரின் ஆட்சேபங்களுள் பல, திட்டத்தின் உண்மையான குறைகளைச் சுட்டுபவை.

நான்காவதாக, மூத்தவர்கள் தவறு செய்து கற்க இடம் தர வேண்டும். இளையோர் முன்னிலையில் தலைகுனிய நேரும் என்ற அச்சமே பலரைப் பயிற்சியிலிருந்து விலக்குகிறது. ஒத்த வயதினரைத் தனிக் குழுவாக அமைத்துப் பயிற்றுவிப்பதும், முதலில் கற்றவரைக் கொண்டே பிறருக்குக் கற்பிப்பதும் நன்மை தரும்.

ஐந்தாவதாக, தொடக்கத்தில் வேலைத்திறன் குறைவதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். அகமதாபாத்தில் கண்ட பின்னடைவு எங்கும் நேரக்கூடியது. அப்போது ஊழியரைக் குறைகூறும் நிர்வாகம் அவர்களைப் பழைய முறைக்கே துரத்திவிடும்.

இறுதியாக, மாற்றத்தின் ஆதாயத்தில் ஒரு பங்கு அதனைச் சுமந்தவருக்குக் கிடைக்க வேண்டும். அது ஊதியமாக இருக்கலாம். குறைந்த வேலை நேரமாக இருக்கலாம். மேலான பொறுப்பாகவும் இருக்கலாம்.

இன்று அரசு அலுவலகங்களில் காகிதக் கோப்புகளின் இடத்தில் மின்னணுக் கோப்புகள் வருகின்றன. அரசு ஊழியரின் திறன் வளர்ச்சிக்கென 2020-இல் கர்மயோகி இயக்கத்திற்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. சிந்திக்கும் இயந்திரங்கள் எனப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் அலுவலக வாயிலில் நிற்கின்றன. பேரேட்டின் முன் அமர்ந்திருந்த எழுத்தர் கேட்ட அதே கேள்வியை அவருடைய பேரப்பிள்ளைகள் மீண்டும் கேட்கின்றனர்: இந்த மாற்றத்தில் எனக்கு இடம் உண்டா? இக்கேள்விக்கு நேர்மையான விடையளிக்கும் நிறுவனமே தன் மக்களின் இசைவைப் பெறும். விடையளிக்காத நிறுவனம் புதிய இயந்திரத்தை வாங்கலாம். அதனை இயக்கும் மனத்தைப் பெற இயலாது.